பழைய கார் வாங்கியவர்களே, கதவில் காதை வையுங்கள்!

மும்பையில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. தாராவி 90 அடி சாலை ஓரத்திலும், செம்பூர் செட்டா நகரிலும், மாட்டுங்கா ஐந்து தோட்டத்து மரங்களின் கீழும் நிற்கும் கார்களில் பலவற்றுக்குக் கொட்டகை கிடையாது. வானமே கூரை, தெருவே வீடு.

மழையோ சாதாரண மழை அல்ல. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மும்பை சாந்தாக்ரூஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான 4 மாதங்களில் மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. நம்மில் பலருக்குச் சொந்த ஊரான திருநெல்வேலி நகரில் ஓராண்டில் பெய்வதைவிட, இங்கே ஜூலை ஒரு மாதத்தில் பெய்வது அதிகம்!

இந்த மழையில் இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் திறந்து பாருங்கள். காலடிப் பாய் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கும். ஈரச் சாக்கு நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறோம். "அண்ணாச்சி, ரப்பர் போயிட்டு. நாலு கதவுக்கும் புது பீடிங் போட்டுருவோம்" என்ற பதில் தயாராக இருக்கும். பணத்தைக் கொடுத்துப் புது ரப்பரும் போட்டு விடுகிறோம். அடுத்த மழையில் மறுபடியும் பாய் நனைகிறது!

காரணம் என்ன? பல கார்களில் குற்றவாளி ரப்பரே அல்ல. தண்ணீர் கதவுக்குள் புகுவது தவறு அல்ல. புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நிற்பதுதான் தவறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

கதவுக்குள் மழை பெய்கிறது

கார் கதவு தண்ணீர் புகாத பெட்டி என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படி அல்ல. கண்ணாடி ஏறி இறங்க வேண்டும் என்றால் கதவின் மேல் விளிம்பில் ஒரு நீளமான பிளவு இருந்துதான் ஆக வேண்டும். அந்தப் பிளவின் வெளிப்புறத்தில் கண்ணாடியை உரசிக்கொண்டு ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அது கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பெருமளவு துடைத்துத் தள்ளும், முழுவதும் தடுக்காது.

மீதித் தண்ணீர் கண்ணாடியோடு கதவின் வயிற்றுக்குள் இறங்குகிறது. புத்தம் புதிய காரிலும் இப்படித்தான். காரைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவின் அடி விளிம்பில் இரண்டு மூன்று சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். மேலே புகுந்த தண்ணீர் கீழே வழிந்து தெருவுக்குப் போய்விடும்.

ஐந்தாறு வருடம் ஓடிய காரில் அந்தத் துளைகளின் கதி என்ன? மும்பைத் தூசி, கட்டட வேலைச் சிமெண்டுப் பொடி, இலைச் சருகு எல்லாம் சேறாகி அடைத்துக்கொள்கின்றன. கதவு ஒரு வாளியாகிவிடுகிறது. வாளி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்? உள்பக்கம்தான்!

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். மழை விட்ட பிறகு கதவில் காதை வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள். "களக், களக்" என்று தளும்பும் சத்தம் கேட்டால் உள்ளே குளம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஈர்க்குச்சி வைத்தியம்

கதவைத் திறந்து, அடி விளிம்பைக் கையால் தடவினால் துளைகள் தட்டுப்படும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி மெல்லக் குத்தி விடுங்கள். தேங்கியிருந்த தண்ணீர் கறுப்பாகக் கொட்டும். பிறகு கண்ணாடிப் பிளவு வழியாக ஒரு குவளை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே வழிகிறதா என்று பார்த்தால் போதும்.

இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். துளையின் ஓரத்துப் பெயிண்டு பெயர்ந்தால் அங்கிருந்தே துரு ஏறும். நமது கடற்கரைக் காற்றுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சிலர் இந்தத் துளைகளைப் பார்த்ததும், தண்ணீர் புகும் ஓட்டை இதுதான் என்று எண்ணி எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். சாக்கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் வெள்ளம் வருகிறதே என்று அழுவதற்கு இது சமம். இரண்டே மழைக்காலத்தில் கதவின் அடித்தகடு அப்பளமாக உதிர்ந்துவிடும்.

கதவுக்கு ஒரு மழைக்கோட்டு

துளை சுத்தமாக இருந்தும் பாய் நனைகிறதா? அப்படியானால் கதவின் உட்புற அட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பில் "டோர் பேட்" என்பார்கள். அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், கறுப்புப் பசையால் கதவோடு ஒட்டப்பட்டிருக்கும்.

பார்ப்பதற்கு ஏதோ சிப்பம் கட்டிய தாள் போல இருக்கும். ஆனால் கதவுக்குள் பெய்யும் மழைக்கும் நமது காலடிப் பாய்க்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு இதுதான்.

பழைய காரில் இது ஒழுங்காக இருப்பது அபூர்வம். முன்பு வைத்திருந்தவர் புது ஸ்பீக்கர் மாட்டியிருப்பார். அல்லது கண்ணாடி ஏற்றும் மோட்டாரை மாற்றியிருப்பார். அப்போது தாளைக் கிழித்தவர் திரும்ப ஒட்டாமலே பேடை மாட்டியிருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழை வந்தால்தான் தெரியும்.

பரிகாரம் எளிது. கனமான பாலிதீன் தாளைக் கதவின் அளவுக்கு வெட்டி, உலராத பியூட்டைல் பசைப் பட்டையால் சுற்றிலும் ஒட்ட வேண்டும். முக்கியமான விஷயம், தாளின் கீழ் விளிம்பு கதவின் உட்புறத்துக்குள் செருகியிருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் தண்ணீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழுந்து துளை வழியாகப் போகும். சாதாரண செல்லோ டேப் மும்பை ஈரத்தில் ஒரு வாரம்கூட நிற்காது.

ரப்பரைச் சோதிப்பது எப்படி?

இத்தனைக்கும் பிறகுதான் ரப்பர் மேல் சந்தேகப்பட வேண்டும். அதற்கும் வீட்டிலேயே சோதனை உண்டு.

பத்திரிகைத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவை மூடுங்கள். தாளை இழுக்கும்போது இறுக்கமாக வந்தால் அந்த இடம் நல்லது. தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அழுத்தவில்லை. இப்படிக் கதவைச் சுற்றிலும் ஒரு சாணுக்கு ஓர் இடமாகப் பார்த்து, பலவீனமான இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

குறி ஒரே மூலையில் மட்டும் விழுந்தால் அவசரப்பட்டு ரப்பர் வாங்க வேண்டாம். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கிறது. தொங்கும் கதவுக்கு எத்தனை ரப்பர் போட்டாலும் பயனில்லை. கீலைச் சரிசெய்து, பூட்டு மாட்டும் கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் பழைய ரப்பரே அழுத்த ஆரம்பித்துவிடும்.

ரப்பர் வெடித்திருந்தாலோ, கல்லாக இறுகியிருந்தாலோ, நசுங்கியது நசுங்கியபடியே கிடந்தாலோ மாற்றத்தான் வேண்டும். குர்லா போன்ற இடங்களின் உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது பழைய ரப்பரில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. தடிமன் கூடினால் கதவு மூடாது; குறைந்தால் தண்ணீர் நிற்காது.

ஒரு குவளை, ஒரு டார்ச்

எந்த வழியாக ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் இருவர் சேர்ந்து துப்புத் துலக்கலாம். ஒருவர் டார்ச்சுடன் காருக்குள் உட்கார வேண்டும். மற்றவர் வெளியே நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முதலில் கீழே ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு கொஞ்சம் மேலே. மறுபடி ஐந்து நிமிடம். கடைசியில் கூரை. எடுத்த எடுப்பில் கூரை மேல் ஊற்றினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஓடி, எந்த ஓட்டை என்றே தெரியாமல் போய்விடும்.

கதவே காரணமில்லாத ஒழுக்கும் உண்டு. மாட்டுங்காவில் மரத்தடியில் கார் நிறுத்துபவர்கள் முன் கண்ணாடியின் கீழ், வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். சருகு அடைத்தால் அங்கே தேங்கும் தண்ணீர் காற்று வரும் வழியில் புகுந்து முன் சீட்டுக் காலடியில் இறங்கும்.

மழையே இல்லாத நாளில், ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு காலடி நனைந்தால் அது மழைநீர் அல்ல. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. பின்னால் டிக்கியில் ஸ்டெப்னி சக்கரத்தின் கீழ் தண்ணீர் நின்றால் டிக்கி ரப்பரையும், பின் விளக்குகளின் பின்னால் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

கண்ணாடி ஏன் வேர்க்கிறது?

காருக்குள் தங்கிய ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. சயான் பாலத்தில் எதிரே வரும் லாரியின் விளக்கு வெளிச்சம் அந்தப் புகைக் கண்ணாடியில் பட்டால் ஓட்டுநருக்குக் கண் இருந்தும் இல்லாத நிலைதான்.

கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் சேரும். ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி விடுங்கள். ஏ.சி. காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடி தெளியும். கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்தால் குளிரைக் குறைத்து வைப்பரைப் போட வேண்டும். எந்தப் பக்கம் வேர்க்கிறது என்பதை விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் இது தற்காலிக வைத்தியம். ஊறிய பாய் உள்ளே இருக்கும்வரை கண்ணாடி வேர்த்துக்கொண்டேதான் இருக்கும். பாயின் மேல்புறம் காய்ந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம். அடியில் இருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பாயைத் தூக்கிப் பஞ்சை வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்துங்கள். அப்படியே விட்டால் அடித்தகடு துருப்பிடிக்கும். பாயின் அடியில் ஓடும் ஒயர்களின் முனையில் பச்சைக் களிம்பு ஏறும்.

ரப்பருக்கு மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் தடவுவது பழைய பழக்கம். அவை ரப்பரை ஊதிப்போகச் செய்து கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தூசியை ஒட்டவைக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பின் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்தபின் ஒருமுறை.

பத்மினியும் இன்றைய காரும்

குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி டாக்சியை மறக்க முடியுமா? 2003 அக்டோபர் 29-ல் பதிவான கடைசி வண்டிக்கு 20 வருடக் கெடு முடிந்ததோடு, 2023 அக்டோபரில் அந்த வண்டிகள் மும்பைச் சாலையிலிருந்து விடைபெற்றன. அவை மழையில் ஒழுகவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் கண்ணாடியை இறக்கக் கைப்பிடி இருந்தது. பேட்டரி செத்தாலும் கண்ணாடி இறங்கும்.

இன்றைய காரில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் கண்ணாடியை இறக்குகிறது. கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து இறுகினால் மோட்டார் திணறுகிறது. கதவுக்குள் தண்ணீர் தேங்கினால் அந்த மோட்டாரும் அதன் ஒயரும் கெடுகின்றன. பாய் நனைவது பணச் செலவு. கண்ணாடி இறங்காமல் போவது உயிர்ச் செலவு!

2005 ஜூலை 26-ஐ மும்பை மறக்காது. சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாயின. அவர்களில் சிலர், கதவும் திறக்காமல் கண்ணாடியும் இறங்காமல் தங்கள் காருக்குள்ளேயே சிக்கி மாண்டவர்கள்.

வெள்ளத்தில் கதவு ஏன் திறப்பதில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்று, உள்ளே தண்ணீர் இல்லை என்றால், ஒரு மீட்டர் அகலக் கதவை அது சுமார் 125 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உட்கார்ந்தபடி அதைத் தள்ளித் திறப்பது லேசான காரியமா?

ஆகவே மாட்டுங்கா காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா, மிலன் சப்வே போன்ற இடங்களில் தண்ணீரில் சிக்கி வண்டி நின்றுவிட்டால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சின் கெடும், நேரமும் போகும். மின்சாரம் இருக்கும்போதே முதலில் கண்ணாடியை இறக்குங்கள். பெல்ட்டைக் கழற்றி, பிள்ளைகளை முதலில் வெளியே எடுங்கள்.

காரில் ஒரு சிறு சுத்தியல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உடைக்க வேண்டியது பக்கவாட்டுக் கண்ணாடியை, அதுவும் மூலையில். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் வழி விடாது.

வாங்குவதற்கு முன்

இனிமேல் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் காலத்தில் எந்தக் காரும் ஒழுகாது. விற்பவர் கழுவித் துடைத்து, அத்தர் வாசனையுடன்தான் காட்டுவார். வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா? ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இருக்கிறதா? பழைய காரில் பாய் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். இன்சூரன்சில் முன்பு நஷ்டஈடு வாங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நான்கு கண்ணாடிகளையும் முழுவதும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். திணறினால், கிறீச்சிட்டால், நடுவில் நின்றால், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அல்லது வேறு காரைப் பாருங்கள். கடன் வாங்கிக் கார் எடுத்து, அதை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு, மழைக்காலத்தில் பத்து நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் அந்த மாதத் தவணை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். துளையைக் குத்தி விடுங்கள், சருகை அள்ளுங்கள், ரப்பரைத் துடையுங்கள், நான்கு கண்ணாடிகளும் தடையில்லாமல் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஓர் ஈர்க்குச்சி, ஒரு குவளை, ஒரு துண்டுப் பத்திரிகைத் தாள். இவற்றுக்குக் காசு கிடையாது. புது ரப்பருக்குப் பணம் எடுத்து வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.